காற்று மந்திரியின் ரோஸ் குமிழ்

இனிமேல் மனைவிக்குத் தெரிந்து எந்தக் காரியமும் செய்வதில்லை என்று பல்செட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவுக்கு வந்தார். முடிவு நல்ல முடிவுதான். எடுத்த இடம்தான் சரியில்லை. குளியலறையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்கு அதை உரக்கவே சொல்லிவிட்டார்.

“யாருக்குத் தெரிஞ்சு எதைச் செய்யப் போறதில்ல?” என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே.

“ஒண்ணுமில்ல. வாய் கொப்பளிச்சேன்.”

“கொப்பளிச்சதுல பொண்டாட்டின்னு கேட்டுச்சே.”

“அது தண்ணி போற சத்தம்.”

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாமல் அவர் செய்து முடித்த காரியம் ஒன்றுகூட இல்லை. முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை அவளுக்குத் தெரியக் கூடாதென்று தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மினார். அடுத்த நிமிடம் அடுத்த அறையிலிருந்து மாத்திரையும் வெந்நீரும் வந்தன. அன்றுகூட, பல் விளக்கிவிட்டு வந்ததும், அவள் திரும்பி நிற்கும்போது சர்க்கரை டப்பாவின் மூடியைத் தூக்கி, காப்பியில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டார். இது மட்டும் அவளுக்குத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவரும் கூட்டாளியும் பட்டறையில் உட்கார்ந்து செய்து கொடுப்பார்கள். கூட்டாளி மெழுகு வேலையில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்கு மெழுகு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் இவர்கள் செய்ததைக் காட்டித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பல்செட்டில் ஈறு வருகிற பாகத்தை ஒரு பொடியையும் திரவத்தையும் கலந்து, ரோஸ் நிற மாவாகப் பிசைந்து செய்ய வேண்டும். இறுகினால் கல்தான். அந்த மாவில் மிச்சம் மீதியை வீட்டுக்கு எடுத்துவந்து அவர் ஒட்டி ஒக்கிடாத உடைந்த பொருள் இல்லை. குடையின் கைப்பிடி ரோஸ். அலமாரியின் பிடி ரோஸ். சர்க்கரை டப்பா மூடியின் குமிழ், கெட்டிலின் காது, மனைவியின் மூக்குக் கண்ணாடிக் கால் எல்லாம் ரோஸ். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் வீடே ஈறு தெரியச் சிரிப்பதாகத்தான் நினைப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்லாம் அசலாக இருக்க வேண்டும். அது அவருடைய கார்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான மறு வருடம் வாங்கியது. தாழ்வாக, நீண்ட மூக்கோடு, சந்து முனையில் திரும்பும்போது எல்லாரும் ஒருமுறை பார்க்கிற வண்டி. அதில் அவருக்கு உயிர் எது என்றால், காற்று வருகிற வழி. முன்கண்ணாடிக்குக் கீழே, வண்டி உடம்பின் நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஒரு லீவரை இழுத்தால் அந்த மூடி நிமிரும். ஓடுகிற ஓட்டத்தில் காற்று அதற்குள் புகுந்து, இலை தழையைத் தடுக்கிற கம்பி வலையைத் தாண்டி, துணி சுற்றிய குழாய் வழியாக உள்ளே இருப்பவர்களின் முழங்காலுக்கு வந்து சேரும். வலை அசல். குழாயின் துணி அசல். மூடியைச் சுற்றிய ரப்பர் பட்டை, அதைப் பிடித்திருக்கும் திருகாணிகள், திருகாணியின் தலையில் உள்ள கோடு வரைக்கும் அசல். பல் டாக்டர்கள் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை விட்டு வாரம் ஒருமுறை அதற்குள் எட்டிப் பார்ப்பார். சொத்தை ஏதும் இல்லை என்று தெரிந்தால்தான் தூக்கம் வரும்.

அசல் இல்லாதது ஒன்றே ஒன்று. லீவர் முனையில் இருந்த குமிழ்.

வண்டியோடு வந்த குமிழ் தந்த நிறம். அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் “அச்சு அசல் அப்பா” என்பார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு, கேட்காதவர் மாதிரி இன்னொரு தடவை சொல்ல வைப்பார். இரண்டு பேர் வண்டியில் அவள் மூன்றாவது ஆள். அம்மாவின் மடியில் உட்கார்ந்து வருவாள். லீவர் அவள் பொறுப்பு. “நான் காத்து மந்திரி. காத்து வேணும்னா கெஞ்சிக் கேக்கணும்,” என்பாள். அப்பா கெஞ்சுவார். மந்திரி யோசிப்பாள். திருகித் திருகி மரை தேய்ந்து, அவளுக்கு ஆறு வயதாகும்போது அந்தக் குமிழ் கழன்று கையோடு வந்து, ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்து போயே போய்விட்டது.

புதிது கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று பட்டறையில் ஈறு மாவில் ஒன்று உருட்டினார். பக்கத்தில் நின்ற மந்திரி, “நான் அமுக்கட்டுமா?” என்று கேட்டாள். கேட்டது சம்பிரதாயத்துக்கு. அதற்குள் கட்டைவிரலை அழுத்தியாகிவிட்டது. ரேகையோடு ஒரு குழி விழுந்து, அப்படியே இறுகிவிட்டது. வேறு செய்துவிடலாம் என்றார். “வேணாம், இது என் ஸ்விட்ச்சு,” என்றாள்.

ஒன்பது வயதில் நான்கு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதாகி இருபத்திரண்டு வருடம்.

பல்செட்டுக்காரர் உடைந்ததை ஒட்டத் தெரிந்த மனிதர். ஒட்ட முடியாத ஒன்று வீட்டில் நடந்தபோது அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கொண்டுபோய்க் காரில் வைத்தார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், துடைத்தார், அசலைத் தேடிப் பிடித்து மாட்டினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய கார் சங்கத்திலும் சேர்ந்தார். அங்கே வருடத்துக்கு ஒருமுறை போட்டி. ‘உள்காற்று வசதி’ என்ற தலைப்புக்குப் பத்து மதிப்பெண். பன்னிரண்டு வருடமாக அவருக்கு ஒன்பதுதான். ரோஸ் குமிழுக்கு ஒன்று போய்விடும்.

போன வருடம் வாய்விட்டே கேட்டுப் பார்த்தார்.

“ஒரு அசல் குமிழ் கிடைச்சா மாத்திடலாமா?”

“அசல்னா?”

“ஃபேக்டரியில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படி.”

“ஃபேக்டரியில இருந்து வந்தப்ப நம்ம பொண்ணு அந்த வண்டியில ஏறலையே.”

மனைவி காரில் ஏறும்போதெல்லாம் முதல் காரியமாகத் தன் விரல் நுனியை அந்தக் குழியில் ஒரு கணம் வைப்பாள். பிறகுதான் கதவைச் சாத்துவாள். அவர் ஓரக்கண்ணால் அதைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

ஆனால் தேடுகிற கை சும்மா இருக்குமா? போன மாதம் ஒரு அசல் குமிழ் கிடைத்தேவிட்டது. தந்த நிறம். அதைச் சாக்ஸுக்குள் சுருட்டி ஒளித்து வைத்தார். திட்டம் ரொம்ப எளிது. போட்டி நடக்கிற காலை மட்டும் அசலை மாட்டுவது. ரோஸ் குமிழைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வது. பத்துக்குப் பத்து வாங்குவது. திரும்புகிற வழியில் மறுபடி ரோஸை மாட்டிவிடுவது. அவள் விரல் வைக்கும்போது குழி இருந்த இடத்தில் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

“இன்னைக்குப் போட்டிக்கு நீ வர வேணாம்மா. வெயில் ஜாஸ்தி,” என்றார் காப்பியைக் குடித்துக்கொண்டே.

“மேகம் போட்டிருக்கே.”

“அதத்தான் சொல்றேன். மழை வரும்.”

“வெயிலா, மழையா?”

“ரெண்டும். அப்புறம் தூசி வேற. ஒனக்கு மூச்சு வாங்கும்.”

“எனக்கு எப்ப மூச்சு வாங்கிச்சு?”

“வாங்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

“சரி, வரல,” என்றாள் அவள்.

அவள் இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டதும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புருஷன்களுக்கு அந்த இடத்தில் மட்டும் அபார நம்பிக்கை. வண்டி கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்தாள். “காத்தை நல்லாத் திறந்து விட்டுக்கிட்டுப் போங்க,” என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. நடுவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எட்டிப் பார்க்கும் வேகத்தில் வண்டிக்குள் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும். மூடியைத் திறந்தார். வலையைப் பார்த்தார். குழாயை மோந்தே பார்த்தார். எல்லாவற்றுக்கும் “அசல், அசல்” என்று எழுதிக்கொண்டே வந்து, லீவர் முனையில் நின்றார்.

“ரோஸ் எங்க?”

“மாத்திட்டேன் சார். அசல்.”

பூதக்கண்ணாடி குமிழுக்கு மேல் குனிந்தார். “அசல்தான். ஆனா ஒங்க வண்டியோட அசல் இல்ல. குமிழச் சுத்தி இருக்கற கோடு இதுல கறுப்பு. ஒங்க வண்டிக்குக் கோடு பழுப்பா இருக்கணும். இது அடுத்த வருஷ மாடல்.”

அவர் எட்டு மதிப்பெண் எழுதினார்.

“எட்டா? ரோஸுக்கே ஒன்பது கொடுத்தீங்களே!”

“ரோஸ், ‘நான் வீட்டுல செஞ்சது’ன்னு நேரா சொல்லிச்சு. இது வேஷம் போடுது. வேஷத்துக்கு ரெண்டு கொறைப்பேன்.” போகிற போக்கில் திரும்பி, “உண்மையச் சொன்னா, அந்த ரோஸ் எனக்குப் புடிக்கும்,” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பல்செட்டுக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. தேடித் தேடி வாங்கியது வேறொருத்தர் வாயில் இருந்த பல். அடுத்த வருட மாடலா என்று மூடியின் கீலையும் ஒரு தரம் பார்த்துவிடலாமென்று வண்டியின் மேல் குனிந்தார். சட்டைப் பையில் இருந்த ரோஸ் குமிழ் நழுவி, திறந்திருந்த மூடிக்குள் விழுந்து, வலைக்கு மேல் உருண்டு, மூடியின் கீல் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது.

விரல் எட்டவில்லை. பதறாமல் இருந்திருந்தால் ஒரு இடுக்கியை எடுத்து வந்திருப்பார். பதறினார். ஓடிப்போய் இருக்கையில் உட்கார்ந்து, மூடி அசைந்தால் குமிழ் நகர்ந்து வரும் என்று லீவரை ஒரு தள்ளு தள்ளினார். நன்றாக எண்ணெய் போட்டு, வாராவாரம் பார்த்து வந்த மூடி. ஒரு தடங்கல் இல்லாமல் சாத்திக்கொண்டது.

டக் என்று ஒரு சத்தம்.

வெளியே எடுத்தபோது குமிழ் இரண்டாக இருந்தது. விரல் குழியின் நடுவே பிளந்திருந்தது. அரை ரேகை ஒரு கையில், அரை ரேகை மறு கையில். சுற்றிலும் ஜனங்கள் கார்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நடந்தார்கள். அவர் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். மகளை இரண்டாவது தடவை பறிகொடுத்தது போல இருந்தது. முதல் தடவை காய்ச்சல் செய்ததை இந்தத் தடவை தன் கையே செய்துவிட்டது. ஒரு மதிப்பெண்ணுக்காகச் செய்தோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

நேராக மெழுகு வீட்டுக்கு வண்டியை விட்டார். பட்டறைக்கு மேல்மாடிதான் அவர் வீடு. மெழுகு கீழே வந்து, துண்டுகளை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

“அண்ணே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

“டீயா? இத ஒட்டி, அச்சு எடுத்து, மாவு போட்டு, இறுகி… சாயங்காலம் ஆயிடுமேப்பா! அவ வாசல்ல நிப்பா!”

“அண்ணே. டீ.”

அவர் டீக்கடைக்குப் போய், டீயை ஆற வைத்துவிட்டு, குடிக்காமல் அரைமணி நேரத்தில் திரும்பினார். மேசை மேல் புதுக் குமிழ் தயாராக இருந்தது. அதே ரோஸ். அதே குழி. குழிக்குள் ரேகை, ஒரு கோடு பிசகாமல்.

“எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம்? அச்சு அசலா இருக்கே!”

“ஞாயித்துக்கிழமை மாவு சீக்கிரம் இறுகும்ணே,” என்றார் மெழுகு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

முப்பது வருடம் மாவு பிசைந்தவர் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். அவருக்கு நன்றியில் கண் கலங்கியது. “வீட்டுல மூச்சு விட்டுடாதே,” என்றார். “நான் எப்ப விட்டேன்?” என்றார் மெழுகு. தந்த நிறக் குமிழைக் கழற்றிப் பையில் போட்டு, ரோஸை மாட்டிக்கொண்டு பல்செட்டுக்காரர் வீட்டுக்கு விரைந்தார்.

அவள் வாசலில்தான் நின்றாள். “மழையும் காணோம், வெயிலும் காணோம். ஒரு சுத்து போயிட்டு வரலாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறிக்கொண்டாள். விரலைக் குழியில் வைத்தாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தப்பித்தோம் என்று சாவியைத் திருப்பினார்.

தெரு முனை தாண்டியதும் அவள் லீவரை இழுத்தாள். மூடி நிமிர்ந்தது. இருபது வருட உழைப்பு வீண் போகவில்லை. காற்று சலசலவென்று குழாய் வழியாக வந்து, லீவரில் பட்டு, புதுக் குமிழின் வாசனையை அப்படியே அள்ளி இருவர் மூக்கிலும் கொட்டியது. அந்தத் திரவத்தின் வாசனை இறுகி ஒரு நாள் ஆனால்தான் போகும். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சட்டையைத் துவைத்து வருகிறவளுக்கு அது தெரியாதா?

அவள் குமிழை ஒரு தரம் தடவி, விரலை மோந்து பார்த்தாள்.

“எத்தனை துண்டாச்சு?” என்றாள்.

“ரெண்டு,” என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். சாக்ஸ், திட்டம், கறுப்புக் கோடு, மூடி, டக் என்ற சத்தம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்து, ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

“அழாதீங்க. ஒடைஞ்சது மெழுகு செஞ்சது,” என்றாள்.

அவர் தலையைத் தூக்கினார். “அது இப்ப மாட்டினது. ஒடைஞ்சது பாப்பாவோட…”

“ஒடைஞ்சதும் மெழுகு செஞ்சதுதான். பன்னண்டு வருஷமாச்சு. நீங்க சங்கத்துல சேந்துட்டு வந்து, ஒரே ராத்திரியில நூறு தடவ அசல் அசல்னு சொன்னீங்களே, மறுநாளே பாப்பாவோடதக் கழட்டி மெழுகுகிட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். என்னைக்காவது ஒரு நாள் இந்த மனுஷன் கை அதுகிட்டப் போகும்னு எனக்குத் தெரியும்.”

“அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!”

“நான்தான் மூச்சு விடக் கூடாதுன்னேன்.”

“அப்போ நீ தினமும் விரல் வைக்கறது…?”

“நீங்க ஓரக்கண்ணால பாப்பீங்க. நான் வைக்கலேன்னா வண்டிய எடுக்க மாட்டீங்க.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒங்களுக்காகத்தான் வச்சேன்.”

இத்தனை வருடமாக அவளுடைய துக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக அவர் நினைத்திருந்தார். அவருடையதை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்ப பாப்பாவோட குமிழ் எங்க?”

“அச்சு மெழுகுகிட்ட. அசல் எங்கிட்ட. வீட்டுக்கு வண்டிய விடுங்க, காப்பி போடறேன்.”

வீட்டில் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் அலமாரியைப் பார்த்தார், அவளுடைய பெட்டியைப் பார்த்தார், சுவாமி படத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தார். அவள் காப்பியை அவர் முன்னால் வைத்தாள்.

“சர்க்கரை போடல. நீங்களே போட்டுக்கங்க. காலையில திருடின மாதிரி.”

அதுவும் தெரியுமா என்று அவளை ஒரு பார்வை பார்த்தார். டப்பாவை இழுத்து, மூடியின் குமிழைப் பிடித்தார். ரோஸ் குமிழ். பன்னிரண்டு வருடமாகத் தினமும், அவள் திரும்பி நிற்கும்போதெல்லாம், அவசர அவசரமாகப் பிடித்துத் தூக்கிய குமிழ். மேலே ஒரு குழி இருந்தது. தான் ஒக்கிட்ட ஆயிரம் பொருளில் அதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தார்.

“பெட்டியில பூட்டினா அது இல்லாத மாதிரி ஆயிடும்,” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி. “இங்கன்னா ரெண்டு பேரும் தினமும் தொடலாம். நான் தெரிஞ்சு, நீங்க தெரியாம.”

அவர் கட்டைவிரலை அந்தக் குழிக்குள் வைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. ஆறு வயது விரலுக்கு மட்டும்தான் அங்கே இடம் இருந்தது. விரல் நுனியை அதன் மேல் வைத்துக்கொண்டு, மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். காப்பி ஆறி ஆடை படிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“போதும், மூடுங்க. எறும்பு வரும்.”